வால்நட் மரத்தின் உச்சியில் மஞ்சள் இலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகள் அமெரிக்காவில் டென்வர் நகரையொட்டிக் குடியிருக்கிறாள். பேரனைப் பார்ப்பதற்காகச் சென்று, ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அங்கே தங்கியிருந்தேன். வீட்டின் பின்புறம் ஓங்கி வளர்ந்த கறுப்பு வால்நட் மரம் ஒன்று நிற்கிறது. கீழ்க்கிளைகள் செழிப்பாக இருக்க, உச்சியில் மூன்று நான்கு கிளைகளில் மட்டும் இலைகள் வெளிறி மஞ்சளாகிவிட்டன. வண்டு பரப்பும் ஒரு நோய் அந்த வட்டாரத்தில் நிறைய வால்நட் மரங்களைக் கொன்றுவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மருமகன் மருந்து அடிக்கலாம் என்கிறார். மரத்தை வெட்டினால் கட்டையைத் தாம் எடுத்துக்கொள்வதாக ஒருவர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். அடிமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓட்டையோ கசிவோ எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்த நோய்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, அடிமரத்தில் எதுவும் கண்ணில் படவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் வரி என்னைக் கவலைப்பட வைத்தது. இந்த நோய் அப்படித்தான் தொடங்கும். மேலிருந்து கீழே இறங்கும். பட்டைக்கு அடியிலேயே நடமாடும். வெளிப்பட்டை கடைசிவரை ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். அடிமரத்தில் அறிகுறி தெரியும் நாளில் மரத்தின் பெரும்பகுதி போயிருக்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் 'ஆயிரம் புண் நோய்' என்று சொல்லலாம். பெயர் மிகையல்ல. குற்றவாளிகள் இருவர். ஒருவர் வால்நட் சுள்ளி வண்டு, 1.5 முதல் 1.9 மில்லிமீட்டர் நீளமே உள்ள, செம்பழுப்பு நிறச் சிற்றுயிர். கசகசா மணியைவிடச் சற்றே நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் அந்த வண்டின் உடலில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும் கியோஸ்மிதியா மோர்பிடா என்னும் பூஞ்சை. வண்டு முட்டையிடுவதற்காகப் பட்டையைத் துளைத்து உட்பட்டையில் சுரங்கம் அமைக்கும்போது பூஞ்சை அங்கே இறங்கி, சுரங்கத்தைச் சுற்றியுள்ள திசுவைச் சாகடிக்கிறது. ஒரு துளைக்கு ஒரு புண். பூஞ்சை மரத்தின் நரம்புகளுக்குள் புகுந்து எங்கும் பரவுவதில்லை. நுழைந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. அதனால் ஒரு புண்ணால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நூற்றுக்கணக்கில் வண்டுகள் நுழைந்து, புண்ணோடு புண் சேர்ந்து, கிளையை வளையமாகச் சுற்றிக்கொள்ளும்போது, இலை சமைத்த உணவு கீழே இறங்க வழியில்லாமல் கிளை சாகிறது.

இந்த வண்டு இன்று நேற்று வந்ததல்ல. அறிவியல் உலகம் அதற்கு 1928ஆம் ஆண்டிலேயே பெயர் சூட்டிவிட்டது. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் இயற்கையாக வளரும் அரிசோனா வால்நட் மரத்தின் சுள்ளிகளில் அது பெரிய கெடுதல் எதுவும் செய்யாமல் வாழ்ந்து வந்தது. அந்த மரத்துக்கு நோயைத் தாங்கும் சக்தி உண்டு. கறுப்பு வால்நட் மரமோ கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்தது. நிழலுக்காகவும் பருப்புக்காகவும் அதை மேற்கு மாநிலங்களுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். முன்பின் அறியாத வண்டும் மரமும் அங்கேதான் சந்தித்தன. மரங்கள் சாகத் தொடங்கியபோது முதலில் வறட்சியின் மீதுதான் பழி விழுந்தது. 2000க்குப் பிறகு, டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்து நகரங்களில் வரிசை வரிசையாக வால்நட் மரங்கள் காய்ந்தன. வண்டும் பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை இது என்பதைக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெட் டிசராட், விட்னி கிரான்ஷா ஆகியோரின் ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2010இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில், அதாவது கறுப்பு வால்நட்டின் பிறந்த மண்ணிலேயே, நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2013இல் இத்தாலியிலும் கண்டார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது வெறும் பேச்சல்ல. உங்கள் மகள் குடியிருக்கும் வட்டாரம் இந்த நோயால் மிகவும் அடிபட்ட வட்டாரங்களில் ஒன்று.

இனி உங்கள் மரத்துக்கு வருவோம். முதலில் அது கறுப்பு வால்நட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு காம்பில் பதினைந்துக்குக் குறையாத சிற்றிலைகள் கூர்நுனியோடு இருபுறமும் அடுக்கி நின்றால் அது கறுப்பு வால்நட். ஐந்து முதல் ஒன்பது வரை அகன்ற சிற்றிலைகள் மட்டும் இருந்தால், நாம் கடையில் பருப்பு வாங்கும் பாரசீக வால்நட். இரண்டுக்கும் நோய் வரும். கறுப்பு வால்நட்டுக்குத்தான் பாதிப்பு மிக அதிகம்.

அடுத்துப் பருவத்தைக் கவனிக்க வேண்டும். வசந்தத்தில் மற்ற மரங்களெல்லாம் தளிர்த்த பிறகே தளிர்த்து, இலையுதிர் காலத்தில் மற்ற மரங்களுக்கு முன்பே மஞ்சளாகி உதிர்ப்பது கறுப்பு வால்நட்டின் சுபாவம். செப்டம்பர் இறுதியில் மரம் முழுவதும் மஞ்சளானால் அது நோயே அல்ல. நீங்கள் பார்த்ததோ ஜூலையில்; அதுவும் உச்சியில் சில கிளைகளில் மட்டும். இலைகளில் கரும்பழுப்புப் புள்ளிகள் விழுந்து, மழை மிகுந்த கோடையில் கீழ்க்கிளைகளிலிருந்து இலை உதிர்ந்தால் இலைப்புள்ளி நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது பார்வைக்கு மோசமாக இருந்தாலும் மரத்தைக் கொல்வதில்லை. ஆயிரம் புண் நோயில் இலைகள் புள்ளி எதுவுமின்றி வெளிறிச் சிறுத்து, பிறகு ஒரு கிளையின் இலைகள் மொத்தமாக வாடிப் பழுப்பாகி, உதிராமல் காம்போடு தொங்கிக்கொண்டிருக்கும். பச்சை மரத்தில் பழுப்புக் கொடி கட்டியதுபோல அந்தக் கிளை தனியாகத் தெரியும்.

இவ்வளவும் சந்தேகத்துக்குத்தான் போதும். உறுதி செய்யக் கத்தி வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அதே கொலராடோவின் போல்டர் நகரில் ஒரு நண்பரின் வீட்டில், அன்று காலையில் அறுத்து இறக்கிய வால்நட் கிளை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என் மணிக்கட்டு அளவு பருமன். வெளிப்பட்டையில் கறையில்லை, வெடிப்பில்லை. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் குண்டூசி குத்தியது போன்ற ஓட்டைகள், அதுவும் கிளையின் அடிப்பக்கத்துச் சொரசொரப்பில், ஒவ்வொன்றாகத் தென்பட்டன. பிறகு பட்டையை மெல்லச் சீவினேன். நான் கெடாவில் பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்தவன். விடுமுறை நாட்களில் அம்மாவோடு மரவரிசையான நிரைக்குப் போய்ப் பால் வெட்டப் பழகியவன். உட்கட்டையில் கத்தி படாமல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுச் சீவும் அந்தக் கைப்பழக்கம் அன்று உதவியது. நல்ல உட்பட்டை வெள்ளையாகவும் ஈரமாகவும் இருந்தது. அதன் நடுவே கரும்பழுப்பு நிறத்தில், கட்டைவிரல் நுனி அளவில் நீள்வட்டப் புண்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை. ஒரு சாண் நீளத்தில் இருபது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். ஆழமாக வெட்டி உட்கட்டைக்குப் போயிருந்தால் அந்தப் புண்களில் பாதி சீவலோடு போயிருக்கும். வெளிப்பட்டையோடு நின்றிருந்தால் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. பால் வெட்டத் தெரிந்தவர்கள் எவரும் இந்தச் சோதனையைச் சரியாகச் செய்துவிடுவார்கள்.

உங்கள் மருமகனை ஏணி வைத்து ஏற விடாதீர்கள். அங்கே உரிமம் பெற்ற மரப் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள். வாடத் தொடங்கியும் இன்னும் உயிருள்ள ஒரு கிளையை அவர்களைக் கொண்டு இறக்கச் செய்யுங்கள். முற்றிலும் காய்ந்த கிளை வேண்டாம்; அதில் வேறு பூச்சிகளும் பூஞ்சைகளும் குடியேறியிருக்கும் என்பதால் எது முதற்காரணம் என்று பிரித்தறிய முடியாது. 5 முதல் 10 சென்டிமீட்டர் பருமனும் ஓரடி நீளமும் உள்ள துண்டை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் பையாக இரண்டு பையில் போட்டு, மாநிலப் பல்கலைக்கழகம் பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்ல நடத்தும் விரிவாக்க அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுக் கொடுக்கலாம். ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்த்துச் சொல்வதே முடிவான பதில்.

மருந்து அடிக்கும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. வண்டு வாழ்நாளின் பெரும்பகுதியைப் பட்டைக்குள் கழிக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறை பெருகுகிறது. வெவ்வேறு நாட்களில் வெளியேறிப் பறக்கிறது. மேலே அடிக்கும் மருந்து அதை முழுவதும் எட்டாது. ஏற்கெனவே இறங்கிவிட்ட பூஞ்சையை எந்தப் பூச்சி மருந்தும் தொடாது. பருப்பு உண்ணும் மரத்தில், அதுவும் பேரன் விளையாடும் முற்றத்தில், பயனுறுதி இல்லாத நஞ்சை இறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வறண்ட மாதங்களில் வேர்ப்பகுதி ஆழமாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். அது நோயை மாற்றாது என்றாலும் மரத்தின் தாங்குசக்தியைக் கூட்டும். கிழக்கே வெர்ஜினியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் நோய் கண்ட மரங்கள் பல, நல்ல மழை கிடைத்த ஆண்டுகளில் மீண்டும் தழைத்திருக்கின்றன. மேற்கின் வறண்ட மண்ணில் அந்த நம்பிக்கைக்கு இடம் குறைவு. அங்கே அறிகுறி தெரிந்த மரம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குள் காய்ந்துவிடுகிறது. அதற்காகச் சோதனை முடிவு வருமுன்னே மரத்தை வெட்டிவிட வேண்டாம்.

கட்டை கேட்பவரிடம் இப்போதைக்கு முடியாது என்றே சொல்லச் சொல்லுங்கள். பட்டை உள்ளவரையில், வெட்டி அடுக்கிய கட்டையிலிருந்தும் மாதக்கணக்கில் வண்டுகள் வெளிவந்துகொண்டே இருக்கும். இவ்வளவு சிறிய வண்டு தானாக வெகுதூரம் பறந்து கண்டத்தின் மறுகோடியை அடைந்திருக்க முடியாது. மனிதர்கள்தாம் விறகாகவும் தச்சுக் கட்டையாகவும் வண்டியில் ஏற்றிப்போயிருக்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுவதால், கட்டையை எங்கே, எப்படி அழிப்பது என்பதை மாநில வேளாண் துறையிடம் கேட்டே செய்ய வேண்டும்.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறேன். மேசைக்காக வாங்கிய கறுப்பு வால்நட் பலகை ஒன்றின் ஓரத்தில் பட்டை அப்படியே இருக்கிறது. பலகையில் சில சிறு ஓட்டைகளும் தெரிகின்றன. வால்நட் மரங்களைக் கொல்லும் வண்டு இதில் இருக்குமா? – வாசகர், கோலாலம்பூர்

பதில்: ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுள்ளி வண்டு உட்பட்டையில் வாழ்வது. மரப்பரப்பை மேலோட்டமாகக் கீறியிருக்குமே ஒழியப் பலகைக்குள் ஆழமாகத் துளைத்துக்கொண்டு போகாது. பலகையின் உடம்பில், அதிலும் விளிம்பையொட்டிய வெளிர்நிற மென்மரத்தில் ஓட்டைகள் இருந்தால், அவை பெரும்பாலும் மரத்தூள் வண்டு போட்டவை. பால்மரப் பலகையை மருந்தில் ஊறவைக்காமல் விட்டால் மாவு மாவாகக் கொட்டுமே, அதே இனத்து வண்டுதான். பலகையைக் கறுப்புத் துணியின் மேல் நிறுத்தி, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். முகப்பவுடர் போன்ற புதுத்தூள் விழுந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அப்படியானால் அதை மற்றப் பலகைகளிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். உங்கள் பட்டறையில் கிடக்கும் பால்மரப் பலகைகளுக்கு அதனால் வரும் ஆபத்து, வால்நட் நோயைவிட உண்மையானது.

சூளையில் முறையாக உலர்த்தி, பட்டை நீக்கி, சதுரமாக அறுத்த வால்நட் பலகையால் ஆயிரம் புண் நோய் பரவுவதில்லை. மலேசியாவில் வால்நட் மரங்கள் வளர்வதில்லை என்பதால் அந்தச் சுள்ளி வண்டு தப்பித் தவறி வந்தாலும் இங்கே பிழைப்பது கடினம். இருந்தாலும் பட்டையோடு பலகை தருவிப்பதை நான் விரும்பவில்லை. வால்நட் வண்டுக்கு இங்கே வீடில்லாமல் இருக்கலாம். பட்டைக்கடியில் ஒளிந்து வரும் வேறொன்றுக்கு நம் நாட்டு மரம் எதுவாவது வீடாகிவிடலாம். பட்டை விளிம்பின் அழகுதான் வேண்டுமென்றால், பட்டையை உளியால் பெயர்த்துவிட்டு அதற்கடியில் உள்ள இயற்கை வளைவை அப்படியே மெருகேற்றலாம்; நாளடைவில் காய்ந்து உதிரும் பட்டையைவிட அது நன்றாகவும் நிற்கும். பலகை வந்த மரப்பெட்டியிலோ சரக்கை அடுக்கும் மரத்தட்டிலோ கோதுமைக் கதிர்ச் சின்னமும் வெப்பமூட்டியதற்கான குறியும் முத்திரையாகப் பதிந்திருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கப்பட்டது என்பதற்கு அது அடையாளம். அந்த முத்திரை பெட்டிக்குத்தான். உள்ளே இருக்கும் பலகைக்கு அல்ல.

கேள்வி: கடையில் வாங்கிய வால்நட் பருப்பில் ஓட்டையும் நூலாம்படையும் இருந்தன. மரத்துக்கு வரும் நோய் பருப்பிலும் இருக்குமா? – வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: இருக்காது. அந்த வண்டும் பூஞ்சையும் பருப்பில் வாழ்வதில்லை. பருப்பு வழியாக நோய் பரவுவதும் இல்லை. நீங்கள் பார்த்தது சேமிப்புத் தானியங்களில் வரும் அந்துப்பூச்சிப் புழுவின் வேலை. அந்தப் பொட்டலத்தைக் கட்டி எறிந்துவிடுங்கள். அடுத்த முறை வாங்குவதை மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த பருப்பு நம் வெப்பத்தில் காறிப்போவதும் அதனால் குறையும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு முன்னால் சாலையோரத்தில் பெரிய அங்சானா மரம் நிற்கிறது. பிப்ரவரியில் இலை முழுவதும் உதிர்ந்து மறுபடி தளிர்த்தது. இப்போது மூன்று வாரமாக ஒரு பக்கம் முழுவதும் வாடிப் பழுப்பாகிறது. இதற்கும் வண்டு காரணமாக இருக்குமா? – வாசகர், கெலுகோர்

பதில்: இருக்கலாம், காலம் தாழ்த்தாதீர்கள். பிப்ரவரியில் நடந்தது இயற்கை. வறண்ட நாட்களில் இலையைக் கொட்டிவிட்டு மீண்டும் தளிர்ப்பது அங்சானாவின் வழக்கம். தளிர்த்து முற்றிய இலைகள் சில வாரங்களுக்குள் வாடுவதுதான் சரியில்லை.

தமிழ்நாட்டு வேங்கை மரத்துக்கு நெருங்கிய உறவான இந்த அங்சானா, 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலேயே பினாங்கிலும் மலாக்காவிலும் ஒரு வாடல் நோய்க்குப் பெருமளவில் பலியானது. நூறாண்டு கழித்துச் சிங்கப்பூரில் மரங்கள் மறுபடியும் வாடியபோது, ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையும் மரத்தைத் துளைக்கும் பிளாட்டிபஸ் வகை வண்டுகளும் அதில் சம்பந்தப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மின்னல் தாக்கி நலிந்த மரங்களைத் தேடி வண்டுகள் முதலில் வருவதையும் கவனித்தார்கள். அண்மையில் அந்தச் சாலையில் இடி விழுந்ததா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

வால்நட் நோய்க்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பூஞ்சை பட்டையில் நுழைந்த இடத்திலேயே தங்குகிறது. அதனால் கிளை கிளையாக, ஆண்டுக்கணக்கில் மரம் சாகிறது. இங்கே பூஞ்சை தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடுவதால், பெரிய மரமும் சில வாரங்களில் நின்ற நிலையிலேயே காய்ந்துபோகும். அதனால் உங்கள் மரத்தில் அறிகுறியை உச்சியில் தேட வேண்டியதில்லை. மழை பெய்யாத ஒரு காலையில் அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். பட்டை இடுக்குகளிலும் வேர்க்கழுத்திலும் வெளிர்நிற மரத்தூள் குவிந்திருக்கிறதா, அதற்கு மேலே வட்டமான சிறு துளைகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். தூளை விரலால் துடைத்துவிட்டு மறுநாள் வந்து பாருங்கள்; மறுபடியும் தூள் இருந்தால் உள்ளே வண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. கிளையை அறுக்கும்போது வெட்டுமுகத்தில் கரும்பழுப்புக் கோடுகளோ திட்டுகளோ தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

சாலையோர மரம் என்பதால் நீங்களாகக் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. வாடிய பக்கம், மரத்தூள், துளைகள் மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து, படமெடுத்த தேதியோடு பினாங்கு மாநகர் மன்றத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அங்சானாவைப் பெரும்பாலும் விதை போட்டு வளர்ப்பதில்லை. பெரிய போத்துகளை, அதாவது கிளைத் துண்டுகளை, வெட்டித்தான் நடுகிறார்கள். ஆகவே ஒரே தாய்மரத்துப் போத்துகள் ஒரே சாலையில் வரிசையாக நிற்கும் வாய்ப்பு உண்டு. ஒன்றுக்கு வந்தது அடுத்ததற்கும் எளிதில் வரும். இருபுறமும் உள்ள அங்சானா மரங்களையும் வாரம் ஒருமுறை பார்த்து வையுங்கள். மரத்தை அகற்ற முடிவு செய்தால், அறுத்த கட்டைகளைச் சாலையோரம் நாள்கணக்கில் போட்டு வைக்காமல் அன்றே லாரியில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அந்த இடத்தில் புதிதாக நடுவதற்கு வேறு இன மரம் ஒன்றைத் தரும்படி அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.